"இருக்கிறது போதும் பிள்ளை": ஸ்மார்ட் தொலைபேசியும் திருப்தி என்ற கேள்வியும்

சில வருடங்களுக்கு முன்னர் முல்லைத்தீவு மாவட்டத்தில் ஓர் ஆய்வுக்காக வீடு வீடாகச் சென்று வினாக்கொத்து நிரப்பும் வேலை செய்தேன். கட்டுரை எழுதி வருகின்ற பணத்தில் மட்டும் வாடகை கட்ட முடியாத சுயாதீன ஊடகவியலாளர்களுக்கு இப்படியான வேலைகள்தான் கைகொடுக்கின்றன. கடைசிக் கேள்வி இதுதான்: "உங்கள் தொலைபேசியில் நீங்கள் எவ்வளவு திருப்தியடைந்திருக்கிறீர்கள்?" ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் இலக்கத்தை வட்டமிடவேண்டும்.

அறுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மா, "ஐந்து போடு பிள்ளை" என்றார். அவருடைய தொலைபேசியை வாங்கிப் பார்த்தேன். திரையின் ஒரு மூலை வெடித்திருந்தது. பற்றரி இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் நிற்காது. கவரேஜ் வேண்டுமென்றால் முற்றத்து மாமரத்தடிக்குப் போகவேண்டும். சேமிப்பிடம் நிறைந்துவிட்டதென்ற அறிவித்தல் திரையில் நிரந்தரமாக நின்றது. "இவ்வளவு கரைச்சலுக்கும் ஐந்தா அம்மா?" என்று கேட்டேன். "இருக்கிறது போதும் பிள்ளை. இவன்ர படம் இதுக்குள்ளதானே கிடக்கு" என்றார். இறுதி யுத்தத்தில் காணாமலாக்கப்பட்ட மகனின் படம் அது. வீட்டு அல்பங்கள் எல்லாம் இடப்பெயர்வில் போய்விட்டன. வெளிநாட்டிலிருக்கும் தங்கை தன்னிடமிருந்த பழைய படமொன்றைப் படம்பிடித்து வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார்.

நான் ஐந்தை வட்டமிட்டேன். அந்த ஐந்து எதை அளந்தது என்ற கேள்வி அன்றிலிருந்து என்னோடு இருக்கிறது.

திருப்தியை எப்படி அளக்கிறார்கள்?

சந்தைப்படுத்தல் துறையில் திருப்தி பற்றி அதிகம் எடுத்தாளப்படுவது ரிச்சர்ட் ஒலிவர் 1980 இல் முன்வைத்த விளக்கம். ஒரு பொருளை வாங்குமுன் நமக்கு ஓர் எதிர்பார்ப்பு இருக்கிறது. பயன்படுத்தும்போது கிடைக்கும் அனுபவத்தை அதோடு ஒப்பிடுகிறோம். அனுபவம் எதிர்பார்ப்புக்கு மேலே போனால் திருப்தி, கீழே போனால் அதிருப்தி. ஊடகக் கற்கையில் நாங்கள் படித்த 'பயன்பாடும் திருப்தியும்' கோட்பாடு வேறொரு பக்கத்திலிருந்து வருகிறது. ஊடகம் மக்களை என்ன செய்கிறது என்பதைவிட, மக்கள் எந்தத் தேவைக்காக ஊடகத்தை எடுக்கிறார்கள் என்று கேள் என்கிறது அது.

இரண்டும் பயனுள்ளவை. ஆனால் எதிர்பார்ப்பே சுருங்கிப்போன இடத்தில் முதலாவது விளக்கம் ஏமாற்றிவிடும். நீண்டகாலம் இல்லாமையில் வாழ்ந்தவர்கள் தங்கள் விருப்பங்களையும் அந்த இல்லாமைக்கேற்பக் குறைத்துக்கொள்வார்கள், ஆகவே அவர்களுடைய திருப்தியை மட்டும் வைத்து அவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்று முடிவுகட்டக்கூடாது என்று பொருளியலாளர் அமர்த்தியா சென் பல தடவை எழுதியிருக்கிறார். 2009 இல் மெனிக் பாம் முகாமின் முட்கம்பிக்கு அப்பால் நின்ற உறவினரிடம் ஒரு செய்தி சொல்வதற்காக மணிக்கணக்கில் காத்திருந்த சனத்துக்கு, மாமரத்தடிக் கவரேஜ் பெரிய விடயம்தான். அவர்கள் ஐந்து போடுவார்கள். அதை வைத்து இங்கு எல்லாம் சரி என்று அறிக்கை எழுதுவதுதான் பிழை.

மற்ற நாடுகளில் நடந்தவை

வளர்முக நாடுகளில் தொலைபேசித் தேவைகளை முதலில் காட்டித்தந்தவர்கள் பயனாளர்களே. கென்யாவில் சபாரிகொம் நிறுவனம் 2007 மார்ச்சில் எம்-பெசா என்ற பணப்பரிமாற்றச் சேவையைத் தொடங்கியது. அதற்கு முன்னரே ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் சனங்கள் நகரத்திலிருந்து ஊருக்கு ரீலோட்டாகப் பணம் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஊரில் உள்ளவர் அந்த ரீலோட்டை விற்றுக் காசாக்குவார். வங்கிக் கிளை இல்லாத இடத்தில் என்ன தேவை என்பதற்கு அந்தப் பழக்கமே விடை. எம்-பெசாவுக்கு ஸ்மார்ட் தொலைபேசிகூட வேண்டியிருக்கவில்லை. சாதாரணத் தொலைபேசியும் பக்கத்தில் ஒரு முகவர் கடையும் போதும்.

சீனாவின் ஷென்சென் நகரத்து ட்ரான்ஷன் நிறுவனம் டெக்னோ, ஐடெல், இன்ஃபினிக்ஸ் என்ற பெயர்களில் ஆபிரிக்கச் சந்தையைப் பிடித்ததும் இதே வழியில்தான். வேறு வலையமைப்புக்கு அழைத்தால் கட்டணம் கூட, ஆகவே இரண்டு சிம் போடும் வசதி. மின்சாரம் நிச்சயமில்லை, ஆகவே நீண்டநேரம் நிற்கும் பற்றரி. கறுத்த முகங்கள் இருளாக விழாமல் படம்பிடிக்கும் கமரா. எதியோப்பியாவில் அம்ஹாரிக் எழுத்து. பெரிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை, பாவிப்பவரைக் கவனித்திருக்கிறார்கள்.

இந்தியாவில் 2017 இல் ஜியோபோன் வந்தது. பொத்தான் அழுத்தும் 4ஜி தொலைபேசி, திருப்பித் தரப்படும் 1500 இந்திய ரூபா வைப்புப் பணம். மலிவுதான். ஆனால் வட்ஸ்அப் அதில் 2018 செப்டெம்பரில்தான் வந்தது. வட்ஸ்அப் இல்லாத தொலைபேசியை வீட்டார் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்பது எங்களுக்கும் தெரியும்.

கேரள மீனவர்களின் கதையும் அடிக்கடி சொல்லப்படும். 1997 முதல் 2001 வரை அங்கு கைத்தொலைபேசி பரவியபோது, எந்தத் துறையில் நல்ல விலை என்று கடலிலிருந்தே விசாரிக்க முடிந்ததால் சாளை மீனின் விலை வேறுபாடு குறைந்தது, விற்காமல் கொட்டப்படும் மீனும் இல்லாமல்போனது என்று ரொபர்ட் ஜென்சன் 2007 இல் காட்டினார். ஆனால் முற்பணம் கொடுத்த முதலாளிக்கே மீனைக் கொடுக்கவேண்டிய படகுக்காரருக்கு அடுத்த துறையின் விலை தெரிந்து என்ன பயன்? விலையைத் தொலைபேசி சொல்லும். கடனை அது அடைக்காது. முல்லைத்தீவுக் கரையில் இதை யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

மியன்மாரின் அனுபவம் நம்மை இன்னும் கவனமாக்க வேண்டும். ஒரு காலத்தில் நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கவேண்டியிருந்த சிம் அட்டை, வெளிநாட்டு நிறுவனங்கள் வந்த 2014 இல் 1500 கியாட்டுக்குக் கிடைத்தது. சனங்கள் மகிழ்ச்சியோடு ஸ்மார்ட் தொலைபேசிக்கு மாறினார்கள். பலருக்கு பேஸ்புக்தான் இணையம் என்றானது. 2018 இல், ரோஹிங்கியா மக்களுக்கு எதிரான வெறுப்பைப் பரப்புவதில் பேஸ்புக்கின் பங்கை ஐ.நா. உண்மை கண்டறியும் குழு சுட்டிக்காட்டியது. அதே ஆண்டு மார்ச்சில் திகனவில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. அந்த வன்முறையில் தங்கள் தளம் பயன்பட்டதற்காக பேஸ்புக் நிறுவனம் 2020 இல் வருத்தம் தெரிவித்தது. பாவனையாளரின் திருப்தி வேறு, பாதுகாப்பு வேறு என்பதற்கு இதைவிட உதாரணம் வேண்டாம்.

எங்கள் ஊரில் தேவை என்பது என்ன?

முதலாவது, செலவு. ஆரம்பநிலை இணைய இணைப்பின் செலவு, தலைக்குரிய மாதாந்த தேசிய வருமானத்தில் 2 வீதத்தைத் தாண்டக்கூடாது என்பது ஐ.நா. அகலக்கற்றை ஆணைக்குழு 2025 க்கு வைத்த இலக்கு. ஆனால் தேசிய சராசரி கொழும்பையும் வன்னியையும் ஒன்றாகக் கலந்துவிடும். நாட்கூலிக்குப் போகும் பெண் மாதப் பக்கேஜ் போடுவதில்லை. வேலை கிடைத்த நாளில் ஒரு நாள் பக்கேஜ் போடுவார். 2022 இல் ரூபாய் விழுந்தது, செப்டெம்பரில் தொலைத்தொடர்புக் கட்டணங்கள் 20 வீதத்தால் கூடின, 2024 ஜனவரியிலிருந்து 18 வீத வற் வரி தொலைபேசிகள் மீதும் விழுந்தது. திரை வெடித்த தொலைபேசியை ஏன் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இது பதில்.

இரண்டாவது, கவரேஜும் மின்சாரமும். கொரோனாக் காலத்தில் பிபிலைக்கு அருகிலுள்ள கிராமமொன்றின் பிள்ளைகள் இணையவழிப் பாடத்துக்காகக் காடு கடந்து மலையேறிய செய்தி 2021 இல் உலகம் முழுவதும் போனது. அவர்கள் சிங்களப் பிள்ளைகள். இந்தக் குறை இனத்தோடு மட்டும் நிற்பதில்லை, கொழும்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் பொறுத்தது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு வந்தபோது, பற்றரி நிற்காத தொலைபேசி வெறும் பெட்டிதான்.

மூன்றாவது, மொழி. 1987 இன் 13ஆவது திருத்தத்தின்படி தமிழும் ஓர் அரச கரும மொழி. இருந்தும் எனது வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்திகள் நீண்டகாலமாக ஆங்கிலத்தில்தான் வந்தன. எனக்கு அது எரிச்சல் மட்டுமே. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத ஓர் அக்கா, தனக்கு வந்த ஒருமுறைக் கடவெண்ணைக் கடைத் தம்பியிடம் காட்டி "இதில என்ன கிடக்கு?" என்று கேட்டதை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். யாருக்கும் சொல்லக்கூடாத இலக்கம் அது. யாருக்கும் சொல்லாதீர்கள் என்ற எச்சரிக்கையும் அதே செய்தியில், அவருக்குத் தெரியாத மொழியில் இருந்தது. மொழி உரிமை என்பது இங்கு பணத்தின் பாதுகாப்பும்கூட. எழுத்துச் சிரமமான பலர் குரல் பதிவுகளால் இந்தத் தடையைத் தாண்டுகிறார்கள். வங்கிக்குக் குரல் பதிவு அனுப்ப முடியாது.

நான்காவது, தனிமை. பல வீடுகளில் ஒரு தொலைபேசி எல்லாருக்கும் பொது. மகளின் பாடமும், தாயின் சுயஉதவிக் குழுக் கணக்கும், கடன் வசூலிப்பவரின் அழைப்பும் அதிலேயே வருகின்றன. நினைவேந்தல் படங்களை முகநூலில் பகிர்ந்ததற்காக 2020, 2021 ஆம் ஆண்டுகளில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதுகள் நடந்தன. 2024 இல் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் வந்தது. மே 18 க்கும் நவம்பர் 27 க்கும் முன்னர் தொலைபேசியிலுள்ள படங்களை அழித்துவிட்டு வெளிக்கிடுபவர்களை எனக்குத் தெரியும். இந்தப் பயத்தைக் கேட்கும் கேள்வி எந்த வினாக்கொத்திலும் நான் கண்டதில்லை.

ஐந்தாவது, நினைவு. படங்கள் எல்லாருக்கும் பெறுமதியானவை. ஆனால் ஒரே ஒரு படம் மிஞ்சியிருக்கும் வீட்டில் சேமிப்பிடம் என்பது தொழில்நுட்ப விபரம் அல்ல.

செய்யக்கூடியவை

வினாக்கொத்து வேலையின்போது திரும்பத் திரும்பக் கண்ட ஒரு விடயம்: தொலைபேசி வாங்கியபோது கடைக்காரரே மின்னஞ்சல் கணக்கைத் திறந்து கொடுத்திருப்பார். கடவுச்சொல் உரிமையாளருக்குத் தெரியாது. தொலைபேசி தொலைந்தாலோ தண்ணீரில் விழுந்தாலோ அந்தக் கணக்கிலுள்ள தொடர்பு இலக்கங்கள், படங்கள் எதையும் மீட்க முடியாது.

ஆகவே கடையை விட்டு வெளியே வருமுன் மின்னஞ்சல் முகவரியையும் கடவுச்சொல்லையும் கொப்பியில் எழுதி வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் உதவியோடு கடவுச்சொல்லை மாற்றி, அந்தக் கொப்பியைப் பத்திரமாக வையுங்கள். மொழி அமைப்பைத் தமிழுக்கு மாற்றச் சொல்லுங்கள். கூகுள் கணக்கொன்றில் 15 ஜிபி இடம் இலவசம். முக்கியமான படங்களை அங்கும், ஒரு மெமரி கார்ட்டிலும், வெளியூரிலுள்ள ஒரு உறவினரிடமும் என மூன்று இடத்தில் வையுங்கள். வட்ஸ்அப்பில் படங்களும் காணொளிகளும் தானாக இறங்குவதை நிறுத்தினால் டேட்டாவும் மிஞ்சும், இடமும் மிஞ்சும். திருத்தக் கொடுக்குமுன் மெமரி கார்ட்டையும் சிம்மையும் கழற்றி எடுங்கள்.

இவை நாங்கள் செய்யக்கூடியவை. தமிழில் செய்தி அனுப்புவது வங்கிகளினதும் அரச அலுவலகங்களினதும் கடமை. கோபுரம் போடுவது நிறுவனங்களின் வேலை, போடவைப்பது தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் வேலை. ஆய்வு செய்பவர்கள் "திருப்தியா?" என்று கேட்பதோடு, "எதைச் செய்ய முயன்று விட்டுவிட்டீர்கள்? யாருடைய உதவி தேவைப்பட்டது? எதை அழித்தீர்கள்?" என்றும் கேட்கலாம். இந்தக் கேள்விகளுக்கு ஐந்து என்று பதில் சொல்ல முடியாது.

அன்று அந்த அம்மாவின் வீட்டிலிருந்து நான் உடனே கிளம்பவில்லை. மகனின் படத்தை எனது மடிக்கணினியில் பதிந்து, அடுத்த கிழமை முல்லைத்தீவு நகரத்தில் ஒரு பிரதி அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்கிப் பார்த்தவர், "இனி இந்த ஃபோன் பழுதாப்போனாலும் பரவாயில்லை" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "உண்மையைச் சொன்னால் பிள்ளை, இது சரியான கரைச்சல்தான்" என்றார். அந்த வினாக்கொத்தை அதற்குள் ஒப்படைத்துவிட்டேன். இலக்கத்தை மாற்ற முடியவில்லை.