நரசிம்மன், பி. டி.

நரசிம்மன், பி. டி. (பள்ளிக்கரணை திருமலை நரசிம்மன், 28 ஜூலை 1928 – 3 மே 2013): காந்த ஒத்ததிர்வு ஆய்வில் முத்திரை பதித்த இந்திய வேதியியல் அறிஞர். கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர்.

துறையின் தொடக்கம்: காந்தப்புலத்தில் வைத்த ஹைட்ரஜன் அணுக்கரு, குறிப்பிட்ட அதிர்வெண்ணுள்ள வானொலி அலையை மட்டும் ஏற்கும். இதை 1946இல் பிளாக் குழுவும் பர்செல் குழுவும் தனித்தனியே காட்டின. 1951இல் ஸ்டான்ஃபோர்டில் ஆர்னால்டு, தர்மட்டி, பேக்கர்டு ஆகிய மூவரும் எத்தில் ஆல்கஹாலை ஆராய்ந்தபோது 1:2:3 விகிதத்தில் மூன்று கோடுகள் தெரிந்தன. ஒரே ஹைட்ரஜன், இருக்கும் இடத்துக்கேற்பத் தனிக்குரலில் பேசியது. அன்று முதல் இயற்பியலாரின் இக்கருவி வேதியியலாரின் உடைமையாயிற்று. மூவருள் தர்மட்டி இந்தியர். பின்னர் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் இத்துறையை வளர்த்தார்.

எத்தில் சேர்மங்கள்: 1950களின் இறுதியில் நரசிம்மன் மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழகத்தில் மாக்ஸ் ராஜர்ஸுடன் ஆய்வு செய்தார். பாடநூலில் எத்தில் தொகுதி எளியது: அண்டை அணுக்கருக்கள் ஒன்றின் கோட்டை ஒன்று பிளக்கும் ‘இணைப்பால்’ மெத்திலீன் நான்கு கோடுகள், மெத்தில் மூன்று. ஆனால் டெட்ராஎத்தில் ஈயத்தில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே இடத்தில் விழுந்து பின்னிக்கொள்கின்றன. அந்தச் சிக்கலைப் பிரிக்க ஈயம்-207 கைகொடுக்கிறது. ஈய அணுக்களில் சுமார் 22 விழுக்காடான இதற்குத் தற்சுழற்சி உண்டு. அது பக்கக் கோடுகளை எழுப்புகிறது. ஈயத்தை ஒட்டிய மெத்திலீனுடன் இணைப்பு சுமார் 41 ஹெர்ட்ஸ். ஒரு கரிமம் தள்ளியிருக்கும் மெத்திலுடனோ சுமார் 125 ஹெர்ட்ஸ். தொலைவு கூடினால் இணைப்பு தளரும் என்ற எதிர்பார்ப்பை இந்த எண்கள் புரட்டிப்போட்டன. உலோக எத்தில் சேர்மங்கள் பற்றி இருவரும் எழுதிய கட்டுரைகள் இவ்வியலில் தொடர்ந்து எடுத்தாளப்பட்டன.

கான்பூர்ப் பணி: 1960களில் தொடங்கிய இக்காலமே அவர் வாழ்வின் நடுப்பகுதி. இணைப்பு மாறிலிகளை மூலக்கூறு ஆர்பிட்டல் முறையில் கணக்கிட்டார். காந்தப்புலம் இன்றியே படிகங்களை ஆராய உதவும் அணுக்கரு நான்முனை ஒத்ததிர்விலும் உழைத்தார். அவரைக் கோட்பாட்டு வேதியியலாளர் என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது. என். சந்திரகுமாருடன் ஓவர்ஹாசர் விளைவு நிறமாலைமானியை உருவாக்கியவரும் அவரே. தாளில் போட்ட கணக்கைக் கருவியில் சரிபார்க்கும் கை அவருடையது. 1970இல் சாந்தி சுவரூப் பட்நாகர் பரிசு பெற்றார். இந்திய தேசிய அறிவியல் கழகம், இந்திய அறிவியல் கழகம் இரண்டும் அவரை உறுப்பினராக ஏற்றன.

பிற்காலம்: கால்டெக்கின் பெக்மன் நிறுவனத்தில் ரஸ்ஸல் ஜேக்கப்ஸுடன் நுண்ணளவுக் காந்த ஒத்ததிர்வுப் படிமவியலில் ஈடுபட்டார். ஈயச் சேர்மத்தில் கோடுகளாய் அவர் படித்த அதே ஹைட்ரஜன் அணுக்கரு, இங்கே மூளையின் படமாயிற்று.

தமிழகத்தில் இத்துறை: தமிழகத்தில் பணியாற்றிய சந்திரகுமாரும் எஸ். சுப்பிரமணியனும் எழுதிய உயர்பகுதிறன் நிறமாலையியல் நூல் 1987இல் வெளிவந்தது. காந்த ஒத்ததிர்வுப் படிமவியலான எம்.ஆர்.ஐ. ஸ்கேன் இன்று மாவட்டத் தலைநகர்கள் வரை வந்துவிட்டது.