மாசிக்கருவாடும் ஏழாஞ்சுவையும்

மாத்தளை மாவட்டத்துப் பல்லேகம, நக்கிள்ஸ் மலைத்தொடரை அண்டிய ஊர். எத்திசையிற் சென்றாலும் கடல் நெடுந்தொலைவு. எனினும் இங்குள்ள பலசரக்குக் கடைகளில் மாசிக்கருவாடு இல்லாத நாளில்லை. தேங்காய்ச் சம்பலிலும் தக்காளிக் கறியிலும் சிறிது மாசித்தூள் சேராவிடின் ஏதோ குறைகின்றது என்பர் எம் வீட்டார். அந்த 'ஏதோ' யாது? கலைப்பீட மாணவனொருவன் இரசாயனவியலாரின் வயலில் கால்வைப்பதைப் பொறுத்தருளுக. இவ்வினாவுக்கு விடை கண்ட கதை வரலாற்று மாணவருக்கும் உரியதே.

மாசி பழைய வணிகப் பொருள். 1343 இல் மாலைதீவை அடைந்த இபுனு பத்தூத்தா, அத்தீவினர் செந்நிறத் தசையுள்ள மீனைத் துண்டங்களாக்கி, சிறிது அவித்து, புகையூட்டி உலர்த்துவதையும், அது இந்தியா, சீனம், யெமன் முதலிய நாடுகளுக்கு ஏற்றுமதியாவதையும் எழுதிவைத்தார். அவர் அடுத்த ஆண்டில் இலங்கைக்கும் வந்தார். மாசியாவது சூரை மீன். அதே மீனை யப்பானியரும் அவித்துப் புகையூட்டி உலர்த்தி, சீவிச் சாறெடுப்பர். இந்த ஒற்றுமை பின்னர் நமக்குப் பயன்படும்.

யேர்மனியின் லைப்சிக் நகரில் ஒசுவால்டிடம் பயின்று திரும்பிய கிக்குனாயே இக்கேடா, தோக்கியோ ஏகாதிபத்தியப் பல்கலைக்கழகப் பேராசிரியராக விளங்கியவர். கடற்பாசிச் சாற்றிலுள்ள சுவை இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு என்னும் நான்கிலும் அடங்காததை உணர்ந்து, 1908 இல் அதற்குக் காரணம் குளுற்றாமிக் அமிலமே எனக் கண்டார். இது புதிய பொருளன்று. 1866 இல் றித்தவுசென் கோதுமைப் புரதத்திலிருந்து இதனைப் பிரித்திருந்தார். ஆனால் அமிலமாக நாவிலிட்டால் புளிப்பே முந்தும். நடுநிலைப்படுத்தி உப்பாக்கினாற்றான் அச்சுவை தெளிவாகும். இக்கேடா அதற்கு 'உமாமி' எனப் பெயரிட்டு 1909 இல் கட்டுரை எழுதினார். அவ்வாண்டிலேயே அவ்வுப்பு 'அஜினோமோட்டோ' என்னும் பெயருடன் சந்தைக்கு வந்தது. அவரின் மாணவர் கொடாமா, 1913 இல் உலர்ந்த சூரை மீனில் இனோசினேற்று என்ற வேறொரு பொருளும் இச்சுவையைத் தருவதாகக் கண்டார். 1957 இல் குனினாக்கா, இவ்விருவகைப் பொருள்களும் ஒன்றுசேரும்போது சுவை பன்மடங்காகப் பெருகுமென்று காட்டினார். தக்காளியில் குளுற்றாமேற்று மிகுதி. எனவே தக்காளியோடு மாசியைச் சேர்த்தவர்கள் குனினாக்காவுக்கு முன்னரே அச்சோதனையைச் செய்து முடித்திருந்தனர் எனலாம்.

மேலைநாட்டு அறிஞர் இதனை எளிதில் ஏற்றாரல்லர். பிற சுவைகளை ஊக்கும் பொருளே இது, தனிச்சுவையன்று என்பது அவருட் பலரின் வாதம். இக்கேடாவின் கட்டுரை யப்பானிய மொழியிலேயே கிடந்ததும் ஒரு தடையாயிற்று. 1968 இல் அமெரிக்க மருத்துவ இதழொன்றில் வெளியான கடிதம் சீன உணவுச்சாலை உணவால் ஏற்படும் அசௌகரியத்தைப் பற்றிப் பேச, குளுற்றாமேற்று உப்பின் மீது ஐயம் கவிந்தது. பின்னர் நடந்த மறைமுகச் சோதனைகள் அக்குற்றச்சாட்டை உறுதியாக நிறுவவில்லை. ஆயினும் பழி போகவில்லை. மேலையுலகம் நாவின் சாட்சியைப் போதாதென்று கொண்டு, கலத்தின் சாட்சியைக் கேட்டது என்பதே என் கருத்து.

அந்தச் சாட்சி வந்த வழி எதிர்பாராதது. 1993 இல் பிரவுண், ஹேபேட் ஆகியோரின் குழுவினர் பசுவின் பராதைரொயிட்டுச் சுரப்பியிலிருந்து, குருதியின் கல்சியத்தை உணரும் வாங்கியை இனங்கண்டனர். வாங்கி என்பது கலத்தின் மேற்பரப்பில் நின்று வெளியிலுள்ள பொருளை உள்ளே அறிவிக்கும் புரதம். 2000 இல் கொனிகிறேவும் துணைவரும், அமினோவமிலங்களும் இவ்வாங்கியைத் தூண்டும் என நிறுவினர். ஆனால் கல்சியம் உடனிருந்தால் மட்டுமே. இவ்வாங்கியின் வெளிப்பகுதி பூச்சியைப் பிடிக்கும் தாவரத்தின் இலைபோல இரு மடல்கள் கொண்டது. பொருள் இடையில் வந்தமர, மடல்கள் மூடும். மூடவே செய்தி உள்ளே செல்லும்.

நாவிலுள்ள உமாமி வாங்கியும் இதே குடும்பத்தது. அமினோவமிலங்களை அது உணர்வதை 2002 இல் அமெரிக்க ஆய்வாளர் நிறுவினர். இக்கேடாவின் கட்டுரை ஆங்கிலத்தில் வெளிவந்ததும் அதே 2002 இல்! இனோசினேற்று மூடிய மடல்களைத் திறக்கவிடாது தாங்குகின்றது என்ற விளக்கம் 2008 இல் வந்தது. குனினாக்கா கண்ட பெருக்கத்திற்கு அதுவே காரணம்.

வெள்ளைப்பூடும் இக்கதையில் இடம்பெறுகின்றது. 1990 இல் யப்பானிய ஆய்வாளர், பூட்டுச் சாற்றிலுள்ள சில பொருள்கள் தமக்கெனச் சுவை அதிகமின்றியே பிற சுவைகளுக்குச் செறிவும் நீடிப்பும் தருவதைக் கண்டு 'கொக்குமி' என்றனர். அவற்றுள் ஒன்றான குளுற்றாதையோன், ஹொப்கின்சு 1921 இல் பிரித்தெடுத்தது. மூன்று அமினோவமிலங்கள் இணைந்த சிறு பெப்தைட்டு. இத்தகைய பெப்தைட்டுகள் கல்சிய வாங்கியை எவ்வளவு வலுவாகத் தூண்டுகின்றனவோ அவ்வளவு கொக்குமி தருகின்றன என 2010 இல் காட்டப்பட்டது. எலும்புக்கும் குருதிக்கும் கணக்குப் பார்க்கும் சுரப்பியின் கருவி, நாவிலும் பணிபுரிகின்றது.

நம் அறுசுவைப் பட்டியலில் உமாமி இல்லை. கார்ப்பு உண்டு; ஆனால் அதனைச் சுவையாகவன்றி வெப்பம், வலி சார்ந்த உணர்வாகவே இன்றைய உடற்றொழிலியல் கொள்கின்றது. உமாமிக்கு ஒரு தமிழ்ச்சொல் வேண்டும் என நண்பர் சிலர் கூறுவர். எம் வீட்டில் அதற்கு ஒரு வழக்கு உண்டு: "உப்பும் உறைப்பும் சரி, மாசிதான் காணாது."