ஓர் உறையின் பின்பக்கம்

சாதாரண தரத்தில் விஞ்ஞானம் படித்த எவருக்கும் அந்தப் புள்ளியும் புள்ளடியும் ஞாபகமிருக்கும். ஒட்சிசனைச் சுற்றி ஆறு, ஐதரசனுக்கு ஒன்று. போட்டுப் புள்ளி எடுத்தோமே தவிர, "இது யாருட வேல?" எண்டு நாம கேட்டதில்லை.

அணு பிளக்க முடியாத குண்டல்ல என்பது 1897இல் தொம்சன் இலத்திரனை இனங்கண்டபோது தெரியவந்தது. 1911இல் ரதர்போர்ட் நடுவே சிறிய, பாரமான கரு இருக்கிறதென்றார். சரி, தனித்தனி அணுக்கள் ஏன் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன?

1902இல் அமெரிக்காவின் ஹார்வர்டில் படிப்பித்துக்கொண்டிருந்த கில்பர்ட் லூயிஸ், ஓர் உறையின் பின்பக்கத்தில் கனசதுரங்கள் வரைந்தார். எட்டு மூலைகள், மூலைக்கொரு இலத்திரன். எட்டும் நிரம்பினால் அணு அமைதியடையும். சோடியம் தன் வெளி இலத்திரன் ஒன்றைக் கொடுக்க, ஏழு வைத்திருக்கும் குளோரின் அதை வாங்கிக்கொள்கிறது. அதுதான் நம்ம சோத்துக்குப் போடும் உப்பு. ஆனால் இரண்டு ஐதரசன்கள் சேருவதை அந்தப் படத்தால் விளக்க முடியவில்லை. லூயிஸ் அதை வெளியிடவில்லை.

விடை 1916இல் அச்சேறியது: கொடுக்கவும் வேண்டாம், பறிக்கவும் வேண்டாம், ஒரு சோடி இலத்திரனை இரண்டு அணுக்களும் பொதுவில் வைத்துக்கொள்ளலாம். தண்ணீரில் ஒட்சிசன் அப்படித்தான் இரு ஐதரசன்களோடு பங்குபோட்டு எட்டை நிரப்புகிறது.

1919இல் ஏர்விங் லாங்மியூர் இதை விரிவாக்கி, பங்கீட்டு வலு என்று பெயருமிட்டார். பேச்சில் வல்லவர், ஊரெங்கும் அவர் பெயரே அடிபட்டது. லூயிஸுக்கு அது மனத்தாங்கல்தான். 1923இல் தன் நூலில் அந்தப் பழைய 1902 படத்தையே அச்சிட்டார். நொபெல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் கிடைக்கவில்லை. லாங்மியூருக்கு 1932இல் கிடைத்தது, வேறோர் ஆய்வுக்காக. 1946இல் லூயிஸ் தன் ஆய்வுகூடத்திலேயே மரணித்தார்.

பரிசு போனாலும் உரிமை போகவில்லை. பாடப்புத்தகம் இன்றும் 'லூயிஸ் கட்டமைப்பு' என்றுதான் சொல்கிறது. பதினான்கு வருடம் பொறுத்த மனிசன், அந்தக் கடதாசியை வீசிவிடவில்லை. வீட்டுப் பெட்டிகளில் பழைய கடதாசி வைத்திருக்கிற நமக்கும் இது யோசிக்க வேண்டிய சங்கதிதான்.