மண்ணெண்ணெயில் ஓடிய மொறிஸ் மைனர்

1948இல் இங்கிலாந்தில் அறிமுகமான மொறிஸ் மைனர் காரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பழைய கார்ப் பிரியர்கள் அதன் உருண்ட வடிவத்தை எண்ணி ஏங்குவர். யாழ்ப்பாணத்தவரின் ஏக்கமோ வேறு.

1990இல் போர் மீண்டும் மூண்டு, பொருளாதாரத் தடையால் பெற்றோல் அரிதானபோது, மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் ஏ-40உம் அங்கு மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோல் விட்டு இயந்திரத்தைச் சூடேற்றிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர். அமுக்கவிகிதம் குறைந்த பழைய இயந்திரங்கள் அதைத் தாங்கின. கரும்புகை கக்கியபடி நோயாளரையும் மணமக்களையும் சுமந்தவை அவை.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின் யப்பானிய வாகனங்கள் பெருகின, பழையவை ஒதுங்கின. புதியவை தரமற்றவை என்று நான் வாதிடவில்லை. ஆனால், ஊர் மெக்கானிக் ஒருவர் கையிலிருந்த கருவிகளாலேயே உயிர்கொடுக்கக்கூடிய வாகனத்தை நாம் இழந்துவிட்டோம்.