மைக்கல் கொலின்ஸ்: திரையில் ஒரு தலைவன், வரலாற்றில் ஒரு வினா

ஒரு நாட்டின் விடுதலைக்காக அஞ்சாது போராடியவன் என்று ஒரு சாராரும், அந்த விடுதலையைப் பாதி விலைக்கு விற்றவன் என்று மறுசாராரும் கூறும் தலைவர்கள் உலக வரலாற்றில் சிலர் உளர். அயர்லாந்தின் மைக்கல் கொலின்ஸ் அவர்களுள் ஒருவர். முப்பத்தொரு வயதில், தனது சொந்த மாவட்டத்தில், தனது நாட்டவரின் துப்பாக்கிக் குண்டுக்கே இரையானவர் அவர். அவரது வாழ்வின் இறுதி ஆறு ஆண்டுகளை நீல் ஜோர்டன் என்னும் ஐரிஷ் நெறியாளர் 1996ஆம் ஆண்டு திரைப்படமாக்கினார். கொலின்சாக லியாம் நீசனும், ஏமன் டி வலேராவாக அலன் றிக்மனும் நடித்த இப்படம் அவ்வாண்டு வெனிஸ் திரைப்பட விழாவில் அதியுயர் விருதான தங்கச் சிங்கத்தைப் பெற்றது. சிறந்த நடிகருக்கான விருது நீசனுக்குக் கிடைத்தது.

எமது வீடுகளில் பிள்ளைகள் வரலாற்றைப் புத்தகத்திற் படிப்பதிலும் பார்க்கத் திரையிற் பார்த்து அறிவதே அதிகம். ஆதலால், இப்படம் சொல்வது எது, சொல்லாமல் விட்டது எது, மாற்றிச் சொன்னது எது என்பவற்றை நாம் சற்று விரிவாக நோக்குவது பயனுடையதாகும்.

கோர்க்கிலிருந்து லண்டனுக்கு

கொலின்ஸ் 1890ஆம் ஆண்டு ஒக்டோபர் 16ஆம் திகதி, அயர்லாந்தின் தென்பகுதியிலுள்ள கோர்க் மாவட்டத்தில் ஒரு கமக்காரக் குடும்பத்திற் பிறந்தார். ஊரில் வேலையற்ற எத்தனையோ ஐரிஷ் இளைஞரைப் போல அவரும் 1906இல் கடல் கடந்து லண்டன் சென்று, மேற்குக் கென்சிங்ரனிலிருந்த தபாலகச் சேமிப்பு வங்கியில் எழுதுவினைஞராகப் பணியாற்றினார். அந்நிய மண்ணில், தன்னாட்டவர் கூடும் விளையாட்டுக் கழகங்களிலும் மொழி வகுப்புகளிலுமே அவரது அரசியல் முளைவிட்டது. ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் அங்கு வாழ்ந்தபின் 1916 ஜனவரியில் நாடு திரும்பினார். படம் இந்த லண்டன் வாழ்க்கையைக் காட்டவில்லை. ஆயினும், கணக்கெழுதியும் கோப்பு அடுக்கியும் அவர் அங்கு கற்ற ஒழுங்கே பின்னர் அவரது பலமாயிற்று.

படம் தொடங்குவது 1916 ஏப்ரல் மாத உயிர்த்த ஞாயிறு எழுச்சியின் தோல்வியுடனாகும். டப்ளின் தலைமைத் தபாலகத்தைக் கைப்பற்றிய போராளிகள் ஆறு நாட்களிற் சரணடைந்தனர். தலைவர்கள் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டனர். டி வலேரா மரண தண்டனையிலிருந்து தப்பினார். கொலின்ஸ் வேல்சிலிருந்த புரொங்கொக் முகாமில் அடைக்கப்பட்டு, அவ்வாண்டு டிசம்பரில் விடுதலையானார். கோட்டை கட்டி நின்று பேரரசுடன் மோதினால் தோல்வியே எஞ்சும் என்ற முடிவுக்கு அவர் வந்தது இக்காலத்திலேயாகும்.

1918 டிசம்பரில் நடந்த பொதுத் தேர்தலில் சின் பெயின் கட்சி அயர்லாந்தின் 105 ஆசனங்களில் 73ஐ வென்றது. வென்றவர்கள் லண்டன் பாராளுமன்றம் செல்ல மறுத்து, 1919 ஜனவரி 21ஆம் திகதி டப்ளினில் தமது சொந்தப் பாராளுமன்றத்தைக் கூட்டினர். அதில் நிதியமைச்சரான கொலின்ஸ், தடைசெய்யப்பட்ட ஒரு அரசாங்கத்துக்காக மக்களிடம் தேசியக் கடன் திரட்டினார். இரண்டரை இலட்சம் பவுண் இலக்கு வைக்கப்பட்டது. அதைவிடக் கூடுதலாகவே சேர்ந்தது. கொடுத்தவர் ஒவ்வொருவருக்கும் பற்றுச்சீட்டு எழுதப்பட்டது. துப்பாக்கியுடன் ஓடும் கொலின்சைப் படம் நன்கு காட்டுகின்றது. பற்றுச்சீட்டு எழுதும் கொலின்சை அது பெரிதும் மறந்துவிட்டது.

உளவுப் போர்

பேரரசின் கண்ணும் காதும் டப்ளின் பொலிசின் உளவுப் பிரிவே என்பதைக் கொலின்ஸ் உணர்ந்தார். அப்பிரிவுக்குள்ளேயே தமக்கு ஆட்களைத் தேடிக்கொண்டு, மறுபுறம் உளவாளிகளைக் கொல்வதற்கென ஒரு சிறு குழுவையும் அமைத்தார். 1920 நவம்பர் 21ஆம் திகதி ஞாயிறு காலை, டப்ளினின் பல வீடுகளிலும் விடுதிகளிலும் அக்குழுவினரும் பிறரும் நுழைந்து சுட்டதில் பதினான்கு பேர் அன்றே இறந்தனர். இன்னொருவர் பின்னர் இறந்தார். அவர்கள் எல்லோரும் உளவாளிகள் அல்லர் என்பதை ஆய்வாளர் பின்னர் எடுத்துக்காட்டினர். அன்று பிற்பகல் குரோக் பார்க் விளையாட்டரங்கிற் பந்தாட்டம் பார்க்கத் திரண்டிருந்த மக்கள் மீது அரச படையினர் சுட்டனர். மூன்று சிறுவர் உட்படப் பதினான்கு பேர் மாண்டனர். ஆடுகளத்தில் இறந்த மைக்கல் ஹோகனின் பெயரை அவ்வரங்கின் ஒரு பகுதி இன்றும் தாங்கி நிற்கின்றது.

இக்காட்சியிற் படம் உண்மையை விட்டு விலகுகின்றது. கவச வாகனம் ஒன்று ஆடுகளத்தினுள் நுழைந்து வீரர்களைச் சுடுவதாக ஜோர்டன் காட்டுகிறார். அங்ஙனம் நடக்கவில்லை, சுட்டவர்கள் கால்நடையாக உள்ளே புகுந்தவர்களே. நடந்த கொடுமையே போதுமானதாக இருக்க, அதனை மிகைப்படுத்தியமை மறுப்பவர்களுக்கு வாய்ப்பளித்ததேயன்றி இறந்தவர்களுக்கு நீதி செய்யவில்லை என்பதே எமது எண்ணம். மிகையாகச் சொல்லப்பட்ட ஒரு செய்தி, உண்மையாகச் சொல்லப்பட்ட பத்துச் செய்திகளையும் ஐயத்துக்குள்ளாக்கிவிடும்.

இன்னொரு காட்சியில், டப்ளின் கோட்டைக்கு வந்த பெல்பாஸ்ற் பொலிசார் கார்க் குண்டு வெடித்து இறக்கின்றனர். அன்றைய டப்ளினிற் கார்க் குண்டு வழக்கில் இருக்கவில்லை. 1970களின் பின் வட அயர்லாந்தைக் கலக்கிய ஆயுதம் 1920இன் கதைக்குள் நுழைந்துவிட்டது. 1994 ஓகஸ்ற் மாதம் அறிவிக்கப்பட்ட போர்நிறுத்தத்தின் போது எடுக்கப்பட்ட படம் இது. 1996 பெப்ரவரியில் லண்டன் டொக்லன்ட்ஸ் குண்டுவெடிப்புடன் அந்தப் போர்நிறுத்தம் முறிந்தது. அவ்வாண்டின் பிற்பகுதியிற் படம் வெளியானபோது பிரித்தானியப் பத்திரிகைகள் சில சீறியமைக்கு இப்பின்னணியே காரணமாகும். அயர்லாந்திலோ, இது வரலாற்று முக்கியத்துவமுடைய படம் எனக் கருதிய தணிக்கை அதிகாரி, பெற்றோரின் வழிகாட்டலுடன் சிறுவரும் பார்க்க அனுமதி வழங்கினார். அந்நாட்டில் அதுவரை அதிக வசூல் பெற்ற படங்களுள் ஒன்றாக அது அமைந்தது.

ஒப்பந்தம்: படம் காட்டாத மேசை

கொலின்சை இன்றுவரை சர்ச்சைக்குரியவராக வைத்திருப்பது அவரது துப்பாக்கியன்று, அவரது கையொப்பமே. 1921 ஜூலை 11ஆம் திகதி போர்நிறுத்தம் வந்தது. அம்மாதமே டி வலேரா லண்டன் சென்று லொயிட் ஜோர்ஜுடன் பேசினார். ஆயினும் ஒக்டோபரில் முறையான பேச்சுவார்த்தை தொடங்கியபோது அவர் செல்லவில்லை. ஆர்தர் கிறிபித்தையும் கொலின்சையும் வேறு மூவரையும் அனுப்பினார். தான் போராளியேயன்றிப் பேச்சாளன் அல்லன் என்று கொலின்ஸ் மறுத்தும் பயனிருக்கவில்லை. மறுபுறத்தில் லொயிட் ஜோர்ஜும், பேர்கன்ஹெட் பிரபுவும், சேர்ச்சிலும் அமர்ந்திருந்தனர். டிசம்பர் 6ஆம் திகதி அதிகாலை, கையொப்பமிடாவிடின் உடனடிப் போர் என்ற அச்சுறுத்தலின் கீழ் ஒப்பந்தம் கைச்சாத்தானது.

அதில் இருந்தது என்ன? கனடாவுக்கு ஒப்பான தகுதியுடைய சுதந்திர அரசு, சொந்த இராணுவம், சொந்த வரி. ஆனால் குடியரசு இல்லை. பாராளுமன்ற உறுப்பினர் மன்னருக்கு விசுவாசம் தெரிவிக்கும் சத்தியம் செய்தல் வேண்டும். மூன்று துறைமுகங்கள் பிரித்தானியக் கடற்படையிடமே இருக்கும். வடக்கின் ஆறு மாவட்டங்கள் விலகி நிற்கலாம். எல்லையை ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கும்.

இம்மேசையைப் படம் காட்டவேயில்லை. இரண்டு மாதப் பேரம் முழுவதும் ஒரு காட்சி மாற்றத்தினுள் மறைந்துவிடுகின்றது. தோல்வியின் பழியைச் சுமக்கவே டி வலேரா கொலின்சை அனுப்பினார் என்ற கருத்தை மட்டும் படம் எமது மனதில் விதைக்கின்றது. ஆய்வாளர் இதில் ஒருமித்த கருத்துடையோர் அல்லர். டப்ளினில் இருந்து இறுதி முடிவைத் தன் கையில் வைத்திருக்கவே டி வலேரா விரும்பினார் என்று கூறுவோரும் உளர்.

டப்ளின் பாராளுமன்றத்தில் நடந்த விவாதத்தில், இது முழு விடுதலையன்று, அதனை அடைவதற்கான விடுதலை என்று கொலின்ஸ் வாதிட்டார். செய்த சத்தியத்தை மீறுவதா, இறந்தவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று எதிர்த்தவர்கள் கேட்டனர். உறுப்பினராயிருந்த ஆறு பெண்களும் எதிராகவே வாக்களித்தனர். அவர்களுட் சிலர் போரிற் கணவனையோ மகனையோ சகோதரனையோ இழந்தவர்கள். படம் இப்பெண்களின் குரலைக் கேட்கவில்லை. ஜூலியா றொபேர்ட்ஸ் நடித்த கிற்றி கீர்னனின் காதலுக்கு ஒதுக்கிய நேரத்தில் ஒரு பகுதியையாவது அவர்களுக்கு அளித்திருக்கலாம்.

1922 ஜனவரி 7ஆம் திகதி 64க்கு 57 என்ற வாக்குகளால் ஒப்பந்தம் நிறைவேறியது. இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்றுண்டு. அன்றைய விவாதம் பெரும்பாலும் சத்தியப்பிரமாணம் பற்றியதேயன்றிப் பிரிவினை பற்றியதன்று. வட அயர்லாந்து 1921இலேயே தனி நிர்வாகமாகிவிட்டது. டி வலேரா முன்வைத்த மாற்று ஆவணமும் வடக்கு பற்றிய விதிகளைப் பெரும்பாலும் அப்படியே ஏற்றிருந்தது. எல்லை ஆணைக்குழு 1925இல் எதையும் மாற்றாமல் முடிந்தது. வடக்கிலிருந்த கத்தோலிக்கச் சிறுபான்மையினரின் துயரம், இரு அணியினரும் தமக்குள் மோதிக்கொண்டிருந்த வேளையில் எவராலும் கேட்கப்படாத துயரமாயிற்று.

உடன்பிறந்தார் போர்

1922 ஜூன் தேர்தலில் ஒப்பந்த ஆதரவாளர் 58 ஆசனங்களும் எதிர்ப்பாளர் 36 ஆசனங்களும் பெற்றனர். மக்கள் சமாதானத்தை விரும்பினர். ஆயினும் ஜூன் 28ஆம் திகதி, நீதிமன்றக் கட்டடத்தைப் பிடித்து வைத்திருந்த தனது முன்னாள் தோழர்கள் மீது, பிரித்தானியாவிடம் இரவல் பெற்ற பீரங்கிகளால் சுடும்படி கொலின்சின் அரசு உத்தரவிட்டது. இரு நாட்களில் அங்கிருந்த ஆவணக் காப்பகமும் வெடித்தெரிந்து, பல நூற்றாண்டுகளின் பதிவுகள் சாம்பலாயின.

கொலின்சின் உயிர்த்தோழன் ஹரி போலன்ட் எதிரணியில் நின்றார். படத்தில் அவர் டப்ளின் ஆற்றங்கரையிற் சுடப்படுகின்றார். உண்மையில் ஜூலை இறுதியில் ஸ்கெரிஸ் என்னும் கடலோர ஊரின் விடுதியொன்றில், அரச படையினர் கைது செய்ய முயன்றபோது சுடப்பட்டுப் பின்னர் மருத்துவமனையில் இறந்தார். ஓகஸ்ற் 12இல் கிறிபித் மரணமானார். பத்து நாட்களின் பின், 22ஆம் திகதி மாலை, பேல் நா பிளா என்னுமிடத்தில் நடந்த பதுங்கித் தாக்குதலிற் கொலின்ஸ் மாண்டார். டி வலேரா அப்போது அப்பிரதேசத்தில் இருந்தார் என்பது உண்மை. கொலைக்கும் அவருக்கும் தொடர்புண்டு என்பதற்குச் சான்று இல்லை. படமோ தூதன் ஒருவனை இடையில் வைத்துப் பார்வையாளரை ஐயத்தில் விட்டுச் செல்கின்றது.

கொலின்சின் மரணத்தோடு போர் ஓயவில்லை. 1923 மே மாதம் வரை அது நீடித்தது. புதிய அரசு தன்னாட்டவர் எழுபதுக்கும் மேற்பட்டோரைச் சுட்டுத் தண்டித்தது. லண்டன் தூதுக்குழுவின் செயலாளராயிருந்த ஏர்ஸ்கின் சில்டர்ஸ் அவர்களுள் ஒருவர். அவரது மகனே 1973இல் அயர்லாந்தின் ஜனாதிபதியானார்.

எவர் வென்றார்?

1932இல் ஆட்சிக்கு வந்த டி வலேரா, மறு ஆண்டே சத்தியப்பிரமாணத்தை ஒழித்தார். 1937இல் புதிய யாப்பை இயற்றினார். 1938இல் துறைமுகங்களை மீட்டார். 1949இல் அயர்லாந்து குடியரசானது. ஒப்பந்தம் ஒரு படிக்கல்லே என்ற கொலின்சின் வாதத்தை அதன் எதிரியே நடைமுறையில் மெய்ப்பித்தார் எனலாம். ஆனால் அப்படிக்கல்லில் ஏறும்போது சிந்திய இரத்தமும், கைவிடப்பட்ட வடக்கும் அக்கணக்கிற் சேர்க்கப்பட வேண்டியவையே. வடக்கில் 1998 பெரிய வெள்ளி உடன்படிக்கைக்கு முன் மூவாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

இரு அணியினரின் வழிவந்த இரு பெரும் கட்சிகளும் ஏறத்தாழ நூறு ஆண்டுகள் எதிரெதிராக நின்று, 2020இல் முதன்முறையாக ஒரே அரசில் இணைந்தன. 2022இல், கொலின்ஸ் இறந்து நூறாண்டு நிறைந்தபோது, பேல் நா பிளாவில் இரு கட்சித் தலைவர்களும் ஒரே மேடையில் நின்று உரையாற்றினர். ஒரு பிளவு ஆற அத்தனை தலைமுறைகள் தேவைப்பட்டன.

இறுதியாக ஒரு செய்தி. கொலின்சின் உளவாளியாகப் பொலிசுக்குள் இருந்த நெட் புரோய் சித்திரவதை செய்து கொல்லப்படுவதாகப் படம் காட்டுகின்றது. அவர் கொல்லப்படவில்லை. பின்னாளில் அயர்லாந்துப் பொலிசின் ஆணையாளராகி, 1972இலேயே காலமானார். 1947 முதல் 1957 வரை அந்நாட்டு அரசு, போராட்டத்திற் பங்கேற்ற முதியோரைத் தேடிச் சென்று 1,773 வாக்குமூலங்களை எழுதி வாங்கியது. 2003இல் அவை மக்கள் பார்வைக்குத் திறக்கப்பட்டன. அவற்றுள் புரோயின் வாக்குமூலமும் உண்டு. திரையில் இறந்த மனிதர் தன் கதையைத் தானே சொல்லி வைத்துவிட்டுத்தான் சென்றிருக்கிறார்.

திரைப்படம் ஒரு சமூகத்தின் மௌனத்தைக் கலைக்க வல்லது. உள்நாட்டுப் போரைப் பற்றி வீட்டிலும் பள்ளியிலும் பேசத் தயங்கிய ஐரிஷ் மக்களை இப்படம் பேச வைத்தது. அது அதன் பெருமை. ஆனால் வரலாறு திரையில் எழுதப்படுவதன்று. கண்டவர்கள் சொல்ல, கேட்டவர்கள் எழுதிவைக்கும்போதே அது நிலைக்கின்றது. போரினால் ஊரைப் பிரிந்த குடும்பங்கள் ஒவ்வொன்றிலும் சொல்லப்படாத கதைகள் உண்டு. பிள்ளைகளோடு இருந்து இப்படத்தைப் பாருங்கள். பின்னர் வீட்டிலுள்ள முதியவரிடம் அவர் கண்டதைக் கேட்டு, திகதியும் ஊரும் குறித்து, கூட்டாமலும் குறைக்காமலும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள்.