உலோகம் என்று எதைச் சொல்வது?

உலோகத்தின் இயல்பு என்ன என்று நாங்கள் வகுப்பில் கேட்டால் மாணவர்கள் உடனே விடை சொல்லிவிடுவார்கள். உலோகம் பளபளக்கும், கனமாக இருக்கும், தட்டினால் தகடாகும், வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்தும். இவ்வியல்புகள் இல்லாதது அலோகம். விடை சரிதான். ஆனால் இந்த இலக்கணம் ஒரே நாளில் எழுதப்பட்டதன்று. புதிய பொருள் கிடைக்கும்போதெல்லாம் அறிஞர்கள் அதைத் திருத்த வேண்டியிருந்தது. அந்த வரலாற்றை இன்று நாம் காண்போம்.

பழங்காலத்தில் பொன், வெள்ளி, செம்பு, இரும்பு, வெள்ளீயம், காரீயம், பாதரசம் ஆகிய ஏழும் அறியப்பட்டிருந்தன. இவற்றுள் பாதரசம் மட்டும் நீரைப்போல் ஓடியது. தட்டித் தகடாக்க முடியாத ஒன்றை உலோகம் என்று எப்படி ஒப்புக்கொள்வது? 1759-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம், ரஷ்யாவின் செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் கடுங்குளிர் நிலவியது. அங்கே பிரௌன் என்னும் அறிஞர் பனியுடன் அமிலத்தைக் கலந்து குளிரை மேலும் கூட்டிப் பாதரசத்தை உறையச் செய்தார். உறைந்த பாதரசத்தைச் சுத்தியலால் அடித்தபோது அது நொறுங்கவில்லை, தட்டையாயிற்று. ஐயம் தீர்ந்தது. திரவமாக இருப்பதால் மட்டும் ஒரு பொருள் உலோகம் அல்லாததாகிவிடாது என்பது தெளிவாயிற்று.

அடுத்து எழுந்த ஐயம் எடையைப் பற்றியது. 1807-ஆம் ஆண்டு அக்டோபரில் லண்டனில் ஹம்ப்ரி டேவி மின்சாரத்தைச் செலுத்திப் பொட்டாசியத்தைப் பிரித்தெடுத்தார். சில நாட்களில் சோடியமும் கிடைத்தது. இரண்டையும் கத்தியால் வெட்டலாம். இரண்டும் தண்ணீரில் மிதக்கும். மிதக்கும் பொருளா உலோகம்? 1808-ல் எர்மான், சைமன் என்ற இருவர், இவற்றை உலோகப்போலி என்று அழைக்கலாம் என்றனர். டேவி இணங்கவில்லை. பளபளப்பு உண்டு, மின்சாரத்தைக் கடத்துகின்றன, நசுக்கினால் நொறுங்காமல் விரிகின்றன. ஆகவே இவை உலோகங்களே என்றார். அவர் கூற்றே நிலைத்தது. உலோகப்போலி என்ற பெயர் பிற்காலத்தில் வேறு பொருள்களுக்குப் போய்ச் சேர்ந்தது.

அப்பொருள்களுள் ஒன்றின் கதை இது. 1871-ல் ரஷ்ய அறிஞர் மெண்டலீவ் தம் தனிம அட்டவணையில் சிலிக்கனுக்குக் கீழே ஓர் இடத்தைக் காலியாக விட்டு, அங்கே வரவேண்டிய தனிமத்தின் அணு எடை 72 ஆக இருக்கும் என்று கணித்தார். 1886-ல் ஜெர்மனியின் ஃபிரைபர்க் நகரில் விங்க்லர் ஒரு வெள்ளித் தாதுவைப் பகுத்தார். எல்லாப் பகுதிகளையும் கூட்டினால் நூற்றுக்கு 93 தான் வந்தது. மீதி 7 எங்கே? விடாமல் தேடியபோது புதிய தனிமம் ஒன்று கிடைத்தது. அதற்கு ஜெர்மேனியம் என்று பெயரிட்டார். மெண்டலீவ் கணித்த எடை ஏறத்தாழ அப்படியே பொருந்தியது.

ஜெர்மேனியம் உலோகம்போல் பளபளக்கும். அடித்தாலோ கண்ணாடிபோல் நொறுங்கும். மின்சாரத்தை ஓரளவே கடத்தும். உலோகக் கம்பியைச் சூடாக்கினால் அது மின்சாரத்தைக் கடத்தும் திறன் குறையும். தூய ஜெர்மேனியத்தைச் சூடாக்கினால் அத்திறன் கூடும்! இதுதான் அதன் தனி அடையாளம். இந்த நடுத்தரமான குணத்தைக் கொண்டே 1947-ல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் முதல் டிரான்சிஸ்டர் உருவாயிற்று. 1954-ல் சட்டைப் பையில் அடங்கும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தது. இரண்டு வகையிலும் முழுமையாகச் சேராத ஒரு பொருள் அல்லவா இந்தப் பணியைச் செய்தது!

ஆகவே, மாணவர்களே, ஒரே குணத்தைக் கொண்டு முடிவு கட்டிவிடக் கூடாது. அயோடின் பளபளக்கும், ஆயினும் அது அலோகம். ஒரு டார்ச் மின்கலம், சிறு விளக்கு, இரண்டு கம்பிகள் ஆகியவற்றைச் சேர்த்து, இடையில் முதலில் ஓர் ஆணியையும், பிறகு பென்சிலின் கரிமுனையையும் வைத்துப் பாருங்கள். ஆணியில் விளக்கு எரியும், கரிமுனையிலும் எரியக்கூடும். உடனே கரியை உலோகம் என்று ஏட்டில் எழுதிவிடாதீர்கள். சுத்தியலை எடுத்து ஒரு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகு எழுதுங்கள்.