குதிர் காலியான பிறகு

கடன் கொடுத்தவன் வாசலில் வந்து நின்று தகப்பன் எங்கே என்று கேட்க, "எங்கள் அப்பன் குதிருக்குள் இல்லை" என்று பிள்ளை பதில் சொன்ன கதையைக் கேட்டுச் சிரிக்காத தமிழ்க் குழந்தை இராது. சிரித்து ஓய்ந்தபின் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்கலாம். ஒரு முழு மனிதன் உள்ளே இறங்கிக் குந்திக்கொள்ள வேண்டுமானால் அந்தக் குதிரில் நெல் இருந்திருக்க முடியாது. நெல் இருந்திருந்தாலோ, அவன் ஒளிந்துகொள்ள வேண்டிய அவசியமே நேர்ந்திராது. பிள்ளையின் அசட்டுத்தனத்தைச் சொல்வதாக நாம் நினைத்துக்கொண்டிருக்கும் இந்தப் பழமொழி, உண்மையில் வெறுமையான ஒரு குதிரைப் பற்றியது. வருவாய் நின்றுபோன ஒரு குடும்பத்தின் சரித்திரம் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

குதிர் என்பதைப் பார்த்திராதவர்களுக்காகச் சொல்லுகிறேன். களிமண்ணோடு பதரும் வைக்கோல் துணுக்கும் கலந்து மிதித்து, கிணற்று உறையைப் போல வளையம் வளையமாக வனைந்து, ஒவ்வொன்றையும் காயவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, பொருத்துவாய்களை மண்ணால் பூசி, மேலே சாணம் மெழுகி நிறுத்துவார்கள். நெல்லைக் கொட்டுவது மேல்வாய் வழியாக. எடுப்பதோ அடியில் கை நுழையுமளவுக்கு விட்டிருக்கும் துவாரத்தின் வழியாக. முதலில் போட்டது முதலில் வெளிவரவேண்டும் என்ற விவேகத்தை எந்தப் பொருளாதார சாஸ்திரியும் அந்தக் குயவனுக்குக் கற்றுக்கொடுக்கவில்லை. நெல்லுக்கு இடையிடையே வேப்பிலையும் நொச்சித் தழையும் போட்டு வைப்பதுண்டு. என் பாட்டி குதிரைத் திறந்து பார்த்து நான் கண்டதில்லை. விரல் முட்டியால் அதன் வயிற்றில் மேலிருந்து கீழாகத் தட்டிக்கொண்டே வருவாள். பானைச் சத்தம் மாறிச் சுவர்ச் சத்தமாகிற இடத்தில் கையை நிறுத்தி, "மாசி வரைக்கும் வரும்" என்பாள். பெரும்பாலும் வந்தது.

இந்தச் சேமிப்பு நேற்று முளைத்த வழக்கமன்று. ஏணி வைத்தாலும் எட்டாத உயரமுள்ள நெற்கூடுகளைப் பெரும்பாணாற்றுப்படை வருணிக்கிறது. பாபநாசத்துக்கு அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில், ரகுநாத நாயக்கர் காலத்தில் கட்டிய செங்கல் களஞ்சியம் ஒன்று, மூவாயிரம் கலம் நெல் கொள்ளுமளவுக்கு, முப்பத்தாறு அடி உயரத்தில் இன்னமும் நிற்கிறது. புன்செய்ச் சீமையிலே கேழ்வரகையும் சோளத்தையும் நிலத்தடிக் குழிகளில் கொட்டி மூடிவைப்பார்கள். குழியைத் திறந்தவுடன் உள்ளே இறங்கினால் அடைபட்ட காற்று ஆளைக் கொன்றுவிடும் என்பதால், சற்றுப் பொறுத்து, விளக்கைக் கயிற்றில் இறக்கிப் பார்த்த பிறகே இறங்கினார்கள். துவரையை நனைத்துச் செம்மண் கட்டிக் காயவைத்தால் வண்டு அண்டாது. வரகு கெடாத தானியம் என்பதற்கு, கோபுரக் கலசங்களில் அதை நிரப்பும் வழக்கமே சாட்சி. சித்திரை வெயிலை வீணாக்காமல் வடாம் பிழிந்து, கொத்தவரையும் சுண்டையும் மணத்தக்காளியும் மோரில் ஊறி வற்றலாகி, புளி உப்போடு பானையில் அடைபட்டு, நெத்திலி கருவாடாகி, ஆட்டுக்கறி உப்புக்கண்டமாகித் தோரணம் போல் தொங்கும் வீட்டிலே, ஐப்பசி அடைமழைக்கு யாரும் அஞ்சியதில்லை.

ஆனால் இந்த வருணனையை எழுதிக்கொண்டு போகும்போதே ஒரு கூச்சம் உண்டாகிறது. குதிர் யாருடையது? நிலம் உடையவனுடையது. நிலத்தில் உழைத்தவனுக்குக் களத்துக் கூலியாகக் கிடைத்தது அடுக்குப் பானைக்கே போதாது. நிலமும் இல்லாமல் களத்துக் கூலியும் இல்லாமல் காசை மட்டுமே நம்பி ஜீவித்த நெசவாளனின் நிலைமையோ இன்னும் விசித்திரமானது. தெருவிலே பாவை நீள விரித்துக் கஞ்சி தோய்த்து ஆற்றினால்தான் தறியில் ஏற்ற முடியும். மழை பிடித்துக்கொண்டால் பாவு ஆற்ற இடமில்லை, குழித்தறியிலோ ஈரம் ஏறிவிடும். ஆக, வருஷந்தோறும் ஐப்பசி, கார்த்திகையில் அவனுக்கு வேலை போய்விடும். யாரும் விலக்காமல், வானமே விலக்கிய வேலை. அதற்கு முன்பே இரண்டு மாதத் தானியத்தை வாங்கி வைக்க வேண்டும்; வாங்குவதற்கு முதலாளியிடம் முன்பணம் பெறவேண்டும்; மழை விட்டதும் அந்த முன்பணத்துக்காகவே நெய்யவேண்டும். சேமிப்பே கடனாக வந்து சேருகிற இந்த வினோதத்தைச் சிக்கனத்தின் மகிமையைப் பிரசங்கம் செய்கிற பெரியவர்கள் கருத்தில் கொண்டதாகத் தெரியவில்லை.

தாது வருஷத்துப் பஞ்சம், அதாவது 1876 முதல் 1878 வரை சென்னை ராஜதானியை வாட்டிய பெரும் பஞ்சம், இந்த வித்தியாசத்தை வெளிச்சமாக்கிற்று. மழை பொய்த்தால் முதலில் கெடுவது பயிர். ஆனால் முதலில் பட்டினி கிடப்பவர்களில் துணி நெய்கிறவனும் ஒருவன், ஏனென்றால் சோற்றுக்கே காசு போதாதபோது வேட்டி வாங்குவார் யார்? நிவாரண வேலைக்கு வந்தவர்களின் கூலியை, ஸர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் சிறு காசுமாகக் குறைத்தார். அவ்வளவு உண்டு வேலை செய்யும் மனிதன் பிழைக்கமாட்டான் என்று ராஜதானியின் சுகாதார அதிகாரி கார்னிஷ் வாதாடினார். ஆழாக்கும் உழக்கும் அளக்கத் தெரிந்த எந்தக் கிழவியைக் கேட்டிருந்தாலும் அந்த விவாதம் ஒரு நிமிஷத்தில் முடிந்திருக்கும். சென்னையில் அதற்கும் ஏறக்குறைய நூறு வருஷங்களுக்கு முன்னே, 1782-இல், ஹைதர் அலி யுத்தத்தை ஒட்டி வந்த பஞ்சத்தில் ராயபுரம் பக்கத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரத்தின் நினைவு ஜனங்களின் வாயை விட்டு அகலவே இல்லை. பின்னாளில் அங்கே எழுந்த ஸ்டான்லி ஆஸ்பத்திரியை வெகுகாலம் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்றே சொல்லிவந்தார்கள்.

பஞ்சாலைகள் வந்தன, அவற்றோடு ஒரு புதிய மனிதனும் வந்தான். அவனுடைய அறுவடை மாதத்துக்கு ஒருமுறை. அவனுடைய குதிர் மளிகைக் கடை. தானியத்தை முன்னால் சேர்த்துவைத்துப் பின்னால் உண்பதற்குப் பதிலாக, முன்னால் உண்டு பின்னால் கணக்குத் தீர்க்கும் பற்று நோட்டு அவனுடைய சமையலறையை நடத்திற்று. தொழிலாளர் நிலையை ஆராய 1929-இல் நியமனமாகி 1931-இல் அறிக்கை கொடுத்த விட்லி கமிஷன், பெரும்பாலான தொழில் நகரங்களில் தொழிலாளர் குடும்பங்களில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாமல் கடனில் இருப்பதாகவும், அநேகமாக அந்தக் கடன் மூன்று மாதச் சம்பளத்துக்கும் மேற்பட்டதாகவும் கண்டது. அதே கமிஷன், தொழிலாளிக்கும் அவன் கிராமத்துக்கும் உள்ள தொடர்பு ஒரு பலம், அதை அறுக்கக்கூடாது என்றும் சொல்லிற்று. அதிலே உண்மை உண்டு. சுற்றுக் கிராமத்திலிருந்து ஆலைக்கு நடந்துவந்தவனுக்குக் கதவு அடைபட்டால், அண்ணன் வீட்டில் ஒரு வேளைக் களியாவது கிடைத்தது; பட்டணத்துக் குடிசையில் வேர்விட்டவனுக்கு அதுவும் இல்லை.

இந்தியாவின் ஆதித் தொழிற்சங்கங்களில் ஒன்றான சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரலில் பி. பி. வாடியா, திரு. வி. க. முதலியோரின் முயற்சியால் தோன்றியதற்குக் காரணமான குறைகளில் ஒன்று, பகலுணவுக்குக் கொடுத்த நேரம் மென்று விழுங்கக்கூடப் போதவில்லை என்பது என்று நினைத்துப் பார்த்தால், சோற்றை ஒட்டியே இந்தச் சரித்திரம் நடந்திருப்பது புலப்படும். 1921-இல் பக்கிங்காம், கர்நாடிக் ஆலைகளில் வேலை நிறுத்தம் மாதக்கணக்கில் நீண்டது. அம்மாதிரிப் போராட்டங்களில் எத்தனை நாள் தாக்குப்பிடிப்பது என்பதைத் தீர்மானிப்பது மேடைப் பேச்சன்று, அரிசிப் பானை என்பதை இருதரப்பாருமே அறிந்திருந்தார்கள்.

குமாஸ்தாக்களின் கதை வேறு மாதிரி. மளிகைக்காரனின் எடையிலும் விலையிலும் மனம் வெறுத்த திருவல்லிக்கேணி மத்தியதர வர்க்கத்தார் 1904-இல் ஒரு கூட்டுறவுப் பண்டகசாலையை ஏற்படுத்திக்கொண்டார்கள். அது தேசத்துக்கே முன்மாதிரியாயிற்று. ஆனால் அது மாதச் சம்பளம் தவறாமல் வரும் என்ற நம்பிக்கையின் மேல் எழுந்த களஞ்சியம். உலக வியாபார மந்தம் வந்து நெல் விலை பாதிக்குக் கீழே இறங்கியபோது, அரிசி மலிந்தது, வாங்கக் காசில்லை. 1931 முடிவில் அரசாங்க உத்தியோகஸ்தர்களின் சம்பளத்தில் நூற்றுக்குப் பத்து வெட்டினார்கள். செலவுக் குறைப்பைக் குறிக்கும் 'ரிட்ரெஞ்ச்மெண்ட்' என்ற ஆங்கிலச் சொல் அக்ரஹாரத்துத் திண்ணைகளில் ஜபம் போல் உருண்டது. ரப்பர் விலை விழுந்து மலேயாத் தோட்டங்களிலிருந்து திருப்பியனுப்பப்பட்ட பல்லாயிரம் தமிழர்கள், எந்தக் கிராமத்தில் பிழைப்பில்லை என்று கப்பலேறினார்களோ அந்தக் கிராமத்துக்கே திரும்பினார்கள்.

அதன்பின் யுத்தம். 1942 மார்ச்சில் ரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசி நின்றது. மறு வருஷம் சென்னையில் ரேஷன் வந்தது. இந்தக் காலத்தில் நேர்ந்த மாறுதல்களில் எனக்கு மிகவும் முக்கியமாகத் தோன்றுவது ஒரு சொல்லின் கதைதான். பாட்டி காலத்தில் 'சேர்த்து வைத்தல்' என்று பெயர் பெற்று, மருமகளின் சாமர்த்தியத்துக்கு அளவுகோலாயிருந்த காரியம், யுத்தகாலச் சட்டத்தின் வாயில் 'பதுக்கல்' ஆயிற்று. மூட்டை மூட்டையாய் ஒளித்துப் பஞ்சத்தில் லாபமடித்த வியாபாரிகளைக் குறித்தே அந்தச் சொல் எழுந்தது; அது நியாயமே. ஆயினும் பரணில் இரண்டு மரக்கால் வைத்திருந்த குடித்தனக்காரியும் வாசலில் காக்கி நிஜாரைக் கண்டால் துணுக்குற்றாள். ரேஷன் அட்டை அரிசி வாங்கும் உரிமையைக் கொடுத்ததே தவிர வாங்கும் காசைக் கொடுக்கவில்லை. வேலையிழந்தவன் அட்டை வெறும் அட்டைதான். 1952-இல் ராஜாஜி முதன்மந்திரியானதும் உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார். ஜனங்கள் மறுபடியும் மூட்டையாக வாங்கினார்கள், முடிந்தவர்கள்.

அதே சமயத்தில் கைத்தறித் துணி விற்காமல் தேங்கி, நெசவாளர் தெருக்களில் தறிச்சத்தம் அடங்கிற்று. ஆலைகள் வேட்டி நெய்வதை முன்னிருந்ததில் நூற்றுக்கு அறுபதாகச் சர்க்கார் குறைத்தது. 1953 ஜனவரியில் அண்ணாதுரையும் அவர் கட்சியினரும் கைத்தறித் துணியைத் தோளில் சுமந்து தெருவில் விற்றார்கள். நெசவாளர் வாழ்வைச் சொல்லும் 'பஞ்சும் பசியும்' நாவலை எழுத்தாளர் ரகுநாதன் வெளியிட்டதும் அந்த வருஷத்திலேதான். ஆலைகளிலும் சரக்குத் தேங்கி ஆட்குறைப்பு நேர, 1953 அக்டோபரில் தொழில் தகராறுச் சட்டத்தில் ஒரு திருத்தம் வந்தது. ஆளைக் குறைத்தால், வேலை செய்த ஒவ்வொரு முழு வருஷத்துக்கும் பதினைந்து நாள் சம்பளம் ஈடாகக் கொடுக்கவேண்டும். பன்னிரண்டு வருஷம் கதிர் ஓட்டியவனுக்கு ஆறு மாதம் என்று கணக்காகிறது. ஒரு போகத்துக்கும் மறு போகத்துக்கும் இடைப்பட்ட காலம். சட்டம் எழுதியவர்கள் குதிரை நினைத்து எழுதியிருக்கமாட்டார்கள். ஆனால் கூலிக்காரனுக்கென்று ராஜ்யம் வனைந்த முதல் குதிர் அதுதான் என்பது என் அபிப்பிராயம். கைத்தறிக்காரனுக்கு அதுவும் இல்லை. அவனை வேலைக்கு வைத்தவர் யார் என்று காட்ட ஒரு காகிதமாவது இருந்தாலல்லவா?

அந்த நாட்களில் ஆலை வேலை போன ஒருவர் எங்கள் தெருவிலே எங்களுக்கு அடுத்த வீட்டில் இருந்தார். கடைசிச் சம்பளத்தன்று அவர் மனைவி கடையில் வாங்கியதை நான் பார்த்தேன்: முதலில் உப்பு, பிறகு புளி, மிளகாய், பிறகு அரிசிக்குப் பதிலாக ஒரு மூட்டைக் கேழ்வரகு. கடைக்காரர் முகம் கோணவில்லை. ஆணியில் தொங்கிய அவர்கள் பற்று நோட்டை மட்டும் எடுத்துக் கல்லாப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டார். இரண்டாவது மாதம் காப்பி நின்றது; மூன்றாவது மாதம் பெரிய பித்தளை அண்டா எங்கோ போயிற்று. ஆனால் காலையில் அம்மி அரைக்கும் சத்தம் மட்டும் வழக்கமான நேரத்துக்குத் தவறாமல் கேட்டது.

ஒருநாள் என் பாட்டி திண்ணையில் உட்கார்ந்து, குதிரைத் தட்டிக் கேட்கும்போது தலையைச் சாய்ப்பது போலச் சாய்த்துக்கொண்டு அந்தச் சத்தத்தைக் கேட்டாள். "வெறும் கல்லுடா அது. அம்மியிலே ஒண்ணுமே இல்லை" என்றாள்.

உள்ளே போய்ப் பிடியரிசிப் பானையை இறக்கினாள். உலை வைக்கும்போதெல்லாம் அளந்த அரிசியிலிருந்து ஒரு பிடி திரும்ப எடுத்துப் போட்டுவந்த பானை அது, கோயிலுக்கென்று வைத்தது. அதை முறத்தில் கொட்டி என்னிடம் கொடுத்து, "போன வருஷம் உன் அத்தை கல்யாணத்துக்குக் கைமாற்று வாங்கினோம், திருப்பிக் கொடுக்க மறந்துபோச்சு, பாட்டி மன்னிச்சுக்கச் சொன்னாள்னு சொல்லு" என்றாள்.

அத்தைக்குக் கல்யாணமாகிப் பத்து வருஷமாகியிருந்தது. அடுத்த வீட்டு அம்மாள் அதை என்னிடம் கேட்கவில்லை. முறத்தை வாங்கிக்கொண்டு உள்ளே போய், ஆழாக்கால் அளந்து பானையில் கொட்டினாள். கடைசி ஆழாக்கிலிருந்து ஒரு பிடி எடுத்து மூலையிலிருந்த சின்னக் கலயத்தில் போட்டுவிட்டு, காலி முறத்தை என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.